துண்டு போடாத கீஷ்

சனிக்கிழமைக்கு என்று வைத்திருந்த கீஷை அவள் வியாழக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து எடுத்துவிட்டாள்.

மேடைமேல் வைத்ததும் கல் விழுந்த மாதிரி 'டங்' என்றது.

கணவன் செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் சமையலறையை விட்டு நகரமாட்டான். மாவைப் பிசைந்து வட்டத் தட்டில் கிண்ணம்போலப் பரப்புவான். முட்டை, பால், சீஸ், கீரை எல்லாவற்றையும் அடித்து அதில் ஊற்றி, பொன்னிறமாக ஓவனிலிருந்து எடுப்பான். ஆறியதும் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவான்.

வாரம் முழுக்க மதியத்துக்கு அவளுக்கு ஒரு துண்டு. காய் வாங்க வேண்டாம், கடைக்கு அலைய வேண்டாம். சூடு பண்ணிச் சாப்பிட்டால் போதும்.

ஒன்றை மட்டும் துண்டு போடமாட்டான். சனிக்கிழமை வரும் ஆபீஸ் நண்பர்களுக்கு அது. அவர்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று அவளைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுப்பாள்.

அம்மாவிடம் ஒருமுறை போனில் சொல்லிப் பார்த்தாள். அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "உன் மேல உசுரையே வச்சிருக்காரு, அதைப் போய் குறையா சொல்றியே" என்றாள். அந்தப் போன் ரிப்பேருக்குப் போய்ப் பல மாதமாகிறது.

அவள் கீஷைப் பார்த்தாள். விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

இப்போதுகூடத் திருப்பி வைத்துவிடலாம். இளகிவிட்டால் முடியாது. இளகியதை மறுபடி உறையவைத்தால் அடிமாவு சொதசொதவென்று ஆகிவிடும். அவன் விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடுவான்.

அப்படியே ஓவனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

பனி நீர்முத்துகளாகி வழிவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

நேரமாக ஆக, வெண்ணெயும் சீஸும் சேர்ந்து மணக்க ஆரம்பித்தன. ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் தையல்கார அக்காவின் வீடு. மதியமானால் அக்கா துணி காயப்போட வருவாள். ஜன்னலடியில் நின்று பத்து வார்த்தை பேசாமல் போகமாட்டாள். இவள் தன் மதியத் துண்டில் பாதியைப் பிட்டு ஜன்னல் கம்பி வழியாகக் கொடுப்பாள். அக்கா அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு வெந்நீர் வச்சாக்கூட தீய்ச்சிடுவாரு" என்று சிரிப்பாள்.

இந்த அக்காவிடம் எத்தனையோ நாள் வாயைத் திறந்திருக்கிறாள். உடனே பேச்சை மாற்றிவிடுவாள். சாயங்காலம் அவன் சந்தில் வண்டியை நிறுத்தும்போது அக்கா அவனிடமும் பேசுவாள். சொன்னது அவன் காதுக்குப் போகும். அம்மாவுக்குத் தெரிந்த மாதிரியே அக்காவுக்கும் அது அக்கறையாகத் தெரிந்துவிட்டால்?

வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, இன்னைக்கு தெருவே மணக்குது!"

"முழுசா ஒண்ணு சூடு பண்ணியிருக்கேன்க்கா. உங்க வீட்டுல எல்லாருக்கும் எடுத்துட்டுப் போங்க."

"முழுசாவா? குடு, குடு." அக்காவின் ஈரக்கை முழங்கைவரை கம்பிக்குள் வந்தது.

அவள் ஓவனைத் திறந்து, துணியால் தட்டைப் பிடித்து ஜன்னலருகே கொண்டுவந்து காட்டினாள். "இது கம்பிக்குள்ள நுழையாதுக்கா. சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வாங்க."

"அதுக்காக அடுத்த தெருவுக்கு வரணுமா? நாலா வெட்டிக் குடேன்."

கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சூட்டுல வெட்டினா உதிர்ந்துடும்க்கா. ஒரே ஒரு தடவை வாங்களேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் தட்டோடு கூடத்தைத் தாண்டி முன்கதவுக்கு வந்து நின்றாள். துணியை மீறி விரல் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்தது. படி ஏறியது. கதவுக்கு நேரே வந்து நின்றுபோனது.



பிறகு, கனமான எதையோ கையில் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டதுபோல, மரத்தில் இரும்பு மோதும் சத்தம்.

"என்னம்மா இது... வெளிய பூட்டு தொங்குது?"

அந்தத் தெருவில் போகிறவர்களுக்கு அது பகலெல்லாம் ஆளில்லாத வீடு.

அவள் நெற்றியைக் கதவில் சாய்த்தாள். "ஆமாக்கா."

"சாவி?"

"அவர்கிட்ட."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. வேகமாக, ஓடுவது போல. தெரு அடங்கிவிட்டது. கையிலிருந்த கீஷின் சூடு மெல்ல மெல்லக் குறைந்தது. அக்காவும் போய்விட்டாள் என்று அவள் நினைத்தாள்.

மறுபடி சத்தம் வந்தது. இந்தத் தடவை செருப்பில்லாத கால். மூச்சிரைப்பு கதவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"கதவை விட்டுத் தள்ளி நில்லும்மா. சுத்தியல் கொண்டாந்திருக்கேன்."

அவள் தள்ளி நின்றாள்.