கரகரக்காத பெட்டி

மூவாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து ரூபாய் பாக்கி. முத்தையாபுரத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஜெயசிங், கணக்கெழுதிய துண்டுச்சீட்டை எடுத்து வன்னியபெருமாளின் மூக்குக்கு நேரே நீட்டினார். வன்னியபெருமாள் சீட்டைப் பார்க்கவில்லை. கையில் கொண்டுவந்த புது டிஜிட்டல் ரேடியோவைக் கடை வாசல் மேசைமேல் வைத்தார்.

"இது ரிப்பேர் அண்ணாச்சி. கரகரன்னு வரவே மாட்டுக்கு."

ஜெயசிங் காதைக் குடைந்துகொண்டார். இருபத்தாறு வருஷமாக, கரகரக்கிறது என்று சொல்லித்தான் கடைக்கு ஆள் வந்திருக்கிறது. கரகரக்கவில்லை என்று வந்தவர் இவர்தான் முதல்.

பெட்டியைத் திருகினார். செய்தி வாசிக்கிற பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. தாள் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து டீக்கடை செல்லக்கனியைக் கூப்பிட்டு அவள் காதிலும் வைத்தார். தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு என்றாள் அவள்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் வன்னியபெருமாள்.

வன்னியபெருமாளுக்கு உப்பளத்தில் வேலை. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களுக்கு அவர்தான் பொறுப்பு. பழையதில் உள்ளதெல்லாம் புதுசிலும் இருக்கும் என்று ஜெயசிங் சொன்னதை நம்பி, தன் மீடியம் வேவ் பெட்டியைக் கொடுத்து, மீதிக்குக் கடன் சொல்லி வாங்கிப்போனவர். போன வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டியால் ஒன்பது நாள் கூலி போயிற்று, இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார் என்றார்.

எப்படிப் போயிற்று என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், பாட்டு சுகத்தில் தூங்கியிருப்பாய் என்று ஜெயசிங்கே முடித்துவிட்டார். அடுத்தவர் பேச இடம் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மேசையில் அதே புதுப் பெட்டிகள் பதினாலு விற்பனைக்கு அடுக்கியிருந்தன. மேலே தகரம் இருந்தால் அந்தப் பெட்டி ஒரேயடியாக ஊமையாகிவிடும், வானம் தெரிந்தால்தான் பாடும் என்பதால் மேசையை வெயிலிலேயே போட்டிருந்தார். பதினாலையும் பாடவிட்டு, நடுவில் வன்னியபெருமாளின் பழைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அது, முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடுகு தாளித்தது. நிலையமே வராத மூலையில்கூடச் சடசடவென்றது.

"பாத்துக்க செல்லக்கனி. காலையில கூட இந்தச் சனியன் இம்புட்டு இரையல." பிறகு வன்னியபெருமாளிடம் திரும்பினார். "ஏலே பெருமாளு, இந்தப் பழசுக்குக் கேக்குறது ஒண்ணு எம் பெட்டிக்குக் கேக்கலன்னு காட்டு. ஒத்த ரூவா தர வேண்டாம். இவ சாட்சி."

வன்னியபெருமாள் மேசைப் பக்கம் குனிந்தார். பழைய பெட்டியின்மேல் காதை வைத்தார். ஒரு சடசடப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே விரல் மடக்கி எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணும்போது முகம் மாறியது. மணி என்ன என்று கேட்டார். இரண்டரை என்றாள் செல்லக்கனி. சைக்கிளை எடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயசிங் ஒரு டீ குடித்துப் பார்த்தார். இன்னொன்றும் குடித்துப் பார்த்தார். முக்கால் மணி ஆகியும் ஆள் வரவில்லை. ஏய்ச்சிட்டு ஓடிட்டான் என்று ஸ்கூட்டரை உதைத்தார். சாட்சி இல்லாமல் வசூல் எதற்கு என்று செல்லக்கனியையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். அவள் கையிலிருந்த டீ வடிகட்டியோடேயே ஏறினாள்.

உப்பளத்தில் கண் கூசுகிற வெயில். அந்த வெயிலில் வன்னியபெருமாளும் இன்னும் பதினொரு பேரும் ஒவ்வொரு அம்பாரத்துக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, முனையில் கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னலே, உப்புக்குக் குளிருதாக்கும்?" என்றார் ஜெயசிங்.

வன்னியபெருமாள் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஜெயசிங் சீட்டை நீட்டினார். சீட்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

ஜெயசிங் வடக்கே திரும்பிப் பார்த்தார். வந்த வழியெல்லாம் மேகம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. முத்தையாபுரத்துக்கு மேல் வானம் அட்டக் கறுப்பாக இருந்தது.

"மின்னல் அண்ணாச்சி," என்றார் வன்னியபெருமாள். "அம்பது மைலுக்கு அங்கன மின்னுனாலும் பழசு இரைஞ்சு சொல்லிரும். ஒங்க பெட்டிக்கு அந்தக் காது கிடையாது. போன வெள்ளிக்கிழம மூணு அம்பாரம் கரைஞ்சு போச்சு."

பழசுக்குக் கேட்டது, புதுசுக்குக் கேட்கவில்லை, சாட்சி சொல்லியாயிற்று என்று செல்லக்கனி வடிகட்டியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

மழை இறங்கியது. ஜெயசிங்கின் கையிலேயே சீட்டில் மூவாயிரம் கரைந்தது, இருநூறு கரைந்தது, அறுபத்தைந்தும் நீலமாக மணிக்கட்டில் வழிந்தது. சொன்ன வாக்கு வாக்குதான் என்று வெறும் தாளைக் கசக்கி எறிந்தார்.

வன்னியபெருமாள் மிச்சமிருந்த ஒரு தார்ப்பாயைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்தார்.

"அண்ணாச்சி, வாசல்ல அடுக்குன பெட்டிய மூடிட்டா வந்திய?"