காட்டுக்குக் காவல்

அந்த மாடி அறைக்குள் மதிய வெளிச்சம் பச்சையாகத்தான் வருகிறது. ஜன்னலை ஒட்டி நிற்கும் மரம் வெயிலை வடிகட்டி அனுப்புகிறது. காதை அடைக்கும் ஹெட்போனோடு அக்கா கம்ப்யூட்டர் திரையில் காடு சுற்றுகிறாள். அவளும் வேறு ஊரில் இருக்கும் தம்பியும் விளையாட்டுக்குள் ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்த காடு அது. "அக்கா, மரம் அறுக்கிற சத்தம் கேக்குது! நம்ம காட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டான்," என்று ஹெட்போனில் தம்பி பதறுகிறான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா." "உன் பக்கந்தான்க்கா, ஓடு!" ஓடை தாண்டி, மேடு ஏறி, ஒவ்வொரு மரமாகச் சுற்றிப் பார்க்கிறாள். எதிலும் ஒரு கீறல்கூட இல்லை. "ஐயோ, இன்னும் கேக்குதுக்கா!" கீபோர்டின் மேல் இலைகளின் நிழல் நடுங்குகிறது. காற்றே இல்லாத மதியத்தில் நிழல் ஏன் நடுங்க வேண்டும்? அவள் தன் வாயருகே நீட்டியிருக்கும் மைக்கைப் பார்க்கிறாள். ஹெட்போனைக் கழற்றியதும் ரம்பத்தின் அலறல் அறைக்குள் பாய்கிறது. "அண்ணே, நிறுத்துங்க! கொஞ்சம் நிறுத்துங்கண்ணே!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறாள். கீழே ரம்பக்காரர் நிமிரவேயில்லை. அவர் காதையும் ஒரு கவசம் அடைத்திருக்கிறது. மரம் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுச் சாய்கிறது. இதுவரை இந்த அறைக்குள் வராத வெயில் நேராகத் திரைமேல் விழுகிறது. காடு தெரியவில்லை, அவள் முகம்தான் தெரிகிறது. மேஜைமேல் கிடக்கும் ஹெட்போனிலிருந்து தம்பியின் குரல் சன்னமாக, சந்தோஷமாக வருகிறது: "சத்தம் நின்னுடுச்சுக்கா. பயந்து ஓடிட்டான் போல. நம்ம காடு தப்பிச்சுது!"