கிராணித் தாத்தா நாற்காலி

"வார்னிஷ் மட்டும் அடிச்சிடாத ரோகினி. பளபளன்னு இருந்தா நான் மாட்டிக்குவேன் லா!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினார் புவனேஸ்வரன். மம்பாவ் தாமான் குடியிருப்பில் அவருக்கு அடுத்த வீடு ரோகினியுடையது. அவளுக்குக் கிளினிக் கவுண்டரில் வேலை. லீவு கிடைத்தால் போதும், பழைய மேசை நாற்காலிகளை வாங்கி வந்து கார் நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொண்டு, சுரண்டித் தேய்த்துப் புதுசாக்கிக்கொண்டிருப்பாள். அவளிடமே வந்து, 'பழசு மாதிரி வேணும்' என்கிறார் இவர்.

"யாருகிட்ட மாட்டிக்குவீங்க அங்கிள்?"

"ஞாயித்துக்கிழமை என் மக மோகனாவப் பொண்ணு பாக்க தம்பின் டவுன்லேருந்து வராங்க. பையனோட அப்பா திருச்செல்வம் இருக்காரே, அவரு தாத்தா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியாம். நானும் சும்மா இல்லாம, எங்க தாத்தாவும் கிராணிதான், அவரு உக்காந்து எழுதின நாற்காலி இன்னும் வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன்."

"உங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெதுவா பேசு லா! கிராணி வீட்டுக்காரங்க மரம் வெட்டினவரு வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா? பிள்ளைங்க ரெண்டும் ஆசைப்பட்டுட்டாங்க. என்னால கெட்டுப் போயிடக்கூடாது."

ரோகினி சிரித்துவிட்டாள். "என்கிட்ட பழைய நாற்காலி கேட்டு வர்றவங்க எல்லாரும் கிராணி பேரன்தான். அப்ப அந்தப் பால் மரத்தையெல்லாம் யாரு அங்கிள் வெட்டினது?"

புவனேஸ்வரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வேலிக்கு மேல் எட்டி நாற்காலிகளைப் பார்த்தார்.

அம்பாங்கானில் மூடிவிட்ட ஒரு காப்பிக் கடையிலிருந்து அவள் எடுத்து வந்த நாற்காலி ஒன்று இருந்தது. கை வைத்தது. உட்காரும் இடம் முழுக்கப் பலகைச் சட்டம். பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கெட்டியான தேத்தண்ணியைக் காய்ச்சித் தடவினாள். ரெண்டே நாளில் நாற்காலிக்கு எண்பது வயசு கூடிவிட்டது.

புவனேஸ்வரனுக்குத் திருப்தி வரவில்லை. "வலது கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ச்சு விடும்மா. தாத்தா கணக்கு எழுதி எழுதித் தேஞ்ச இடம்."

"தேய்ச்சிடலாம். ஆனா வார்னிஷ் இல்லன்னா, வேர்வை பட்டதும் சாயம் ஒட்டும். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"யாரு உக்காரப் போறா? தாத்தா நாற்காலின்னா பாக்குறதுக்குத்தானே!"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் வந்து இறங்கிய திருச்செல்வம், வாசல்படி ஏறியதும் நேராகப் போய் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"ஐயா, சோபாவுல உக்காருங்களேன், மெத்துன்னு இருக்கும்..."

"கிராணி உக்காந்த நாற்காலி இருக்கறப்ப சோபா எதுக்கு?"

வேர்க்கக்கூடாதே என்று புவனேஸ்வரன் ஹால் காத்தாடியை முடுக்கிவிட்டார். மகள் அறையிலிருந்த காத்தாடியையும் தூக்கி வந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். சாயம் ஒட்டும் விஷயம் தெரியாத மனைவி தனலெட்சுமி, ஆவி பறக்கும் தேத்தண்ணியைத் திருச்செல்வம் கையில் கொடுத்தாள். அவர் நெற்றியில் வேர்வை துளிர்க்கத் துளிர்க்க, புவனேஸ்வரன் மனைவியைப் பார்த்து முறைத்தார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மோகனா வந்து வணக்கம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் முகமெல்லாம் மலர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து, கை கழுவத் திருச்செல்வம் எழுந்தார்.

வேட்டியின் பின்பக்கம் முழுக்க, சட்டத்துக்கு ஒன்றாகக் காப்பிக் கலர்க் கோடுகள்!

தனலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். மோகனாவின் முகம் வெளிறியது. அந்த முகத்தைப் பார்த்ததும் புவனேஸ்வரனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அது தேத்தண்ணிச் சாயம். எங்க தாத்தா கிராணியும் இல்ல, அது அவரு நாற்காலியும் இல்ல. அவரு காலம் பூரா பால் மரம்தான் வெட்டினாரு. நான் சொன்ன பொய்க்கு என் பொண்ண ஒதுக்கிடாதீங்க."

காத்தாடி ரெண்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

திருச்செல்வம் வேட்டியை முன்னால் இழுத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு அதே நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"எங்க கிராணித் தாத்தா நாற்காலியில எனக்கு ரெண்டு வேட்டி போச்சு. அப்புறம்தான் ரோகினிகிட்டயே திரும்பக் கொண்டுபோயி வார்னிஷ் அடிச்சேன், சம்பந்தி!"