ஏழேகாலோ ஏழரையோ

மாடியறையில் வயரில்லாத சுவிட்சைப் பொருத்திவிட்டு, எலக்ட்ரீஷியன் போனில் நேரம் குறித்தார்.

"ஏழு மணிக்குத் தானா எரியும், பத்துக்கு அணையும். சரியாம்மா?"

"வேண்டாம்ண்ணே. ஒருநாள் ஏழேகால், ஒருநாள் ஏழரைன்னு மாறி மாறி எரியணும்."

"அடேங்கப்பா, திருடனுக்கே தண்ணி காட்டுறீங்க! ஊருக்குப் போறீங்களா?"

"இல்லண்ணே, எதிர்வீட்டுக்கு. அத்தைக்குச் சாப்பாடு ஊட்ட."

எதிர்வீட்டு ஜன்னலோரம் கட்டிலோடு கிடந்த அவள் மாமியார், இந்த மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாலு வருஷமா பேச்சே இல்லை. அப்படியொரு வீம்பு. ஆனா இந்த விளக்கு எரிஞ்சு, மகன் வேலை முடிஞ்சு வந்துட்டான்னு தெரிஞ்சாத்தான் வாயைத் திறப்பாங்க. நேத்து விளக்கைப் போட மறந்துட்டு ஓடிட்டேன். ராத்திரி முழுக்கப் பட்டினி."

"இதுக்குப் போய் இவ்வளவு செலவா? சாரே வந்து போட மாட்டாரா?"

அவள் குரல் இறங்கியது.

"போன மாசம், வெளியூர் வேலைக்குப் போன இடத்துல மாரடைப்புண்ணே. காரியமெல்லாம் அங்கேயே முடிச்சிட்டு வந்தோம். அத்தைகிட்ட இன்னும் சொல்லலை."

எலக்ட்ரீஷியன் போனில் குறித்திருந்த ஏழு மணியை அழித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை சாருக்கு லீவுதானேம்மா? அன்னிக்கு எத்தனை மணிக்கு விளக்குப் போடுவார்?"