தண்ணீர் பட்டதும்

ஜோஷ்வா மூன்றாவது முறையாக வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே எண்ணூறு கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரமாகிறது. இந்த மனிதர் குழாயடியில் நின்று வாய் கழுவுகிறார்.

"இந்த வாயால எப்டி சொல்றது, சிஸ்டர்? நேத்து ஊத்துனது இன்னும் நாறுது."

எங்கள் வார்டில் ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர். அதற்கு முன் கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு சர்ச்சில் பதினெட்டு வருஷம் மணி அடித்து, தரை பெருக்கி, ஆயர் ஞானஸ்நானம் கொடுக்கும்போது தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். நற்கருணைக்கு வைத்திருந்த திராட்சரசத்தைக் குடித்துவிட்டு, இல்லவே இல்லை என்று பைபிளில் அடித்துச் சத்தியமும் செய்தாராம். விரட்டிவிட்டார்கள்.

குழந்தையின் அம்மா சிநேகாவும் அதே சர்ச்சுதான். வலிப்பு வந்து, அவசரமாகச் சிசேரியன் செய்து, மாடி வார்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கணவன் சாம் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா போயிருந்தான். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா என்னைப் போலவே நெற்றியில் குங்குமம் வைத்தவள்.

ஆயர் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார். செங்கல்பட்டு வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை தாங்காதென்றால் ஞானஸ்நானம் வாங்கிய யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் குழந்தைக்கு உயிர் இருக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்.

சிநேகாவின் முதல் குழந்தைக்கு அது நடக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஓடைக்கரையில் புதைத்தார்கள். ஆயர் நல்லவர்தான், ஊர் வழக்கம் அப்படி. மழை பிடித்துக்கொண்டால் இவள் அங்கே போய் நின்றுவிட்டு வருவாளாம்.

"இவளயாவது உள்ள வெக்கணும், சிஸ்டர்" என்றாள். என் கையை விடவே இல்லை.

நான் மதுராந்தகத்துக்காரி. முருகனைத் தவிர வேறு யாரிடமும் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. டூட்டியில் இருந்தவர்களையெல்லாம் விசாரித்ததில் அகப்பட்டவர் ஜோஷ்வா ஒருவர்தான். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிற கதைதான். வேறு வழியில்லை.

இப்போது முழங்கை வரை சோப்புப் போட ஆரம்பித்திருந்தார்.

வாய்யா என்று கத்திவிட்டு உள்ளே போனேன். மானிட்டரில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் முழுதாகக் கேட்டேன். ஒன்றுமில்லை.

டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. மானிட்டரின் சத்தத்தை அணைத்தேன், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சுவாசக் கருவியை மட்டும் நிறுத்தவில்லை. அது அந்தச் சின்ன மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

ஜோஷ்வா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"உசுரு கீதா, சிஸ்டர்?"

"கீது. சீக்கிரம்."

அவர் இடது உள்ளங்கையைக் குழந்தையின் தலைக்கு அடியில் கொடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார்.

"எப்சிபா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

சிநேகா சொல்லி அனுப்பிய பெயர். ஒரு சொல் பிசகவில்லை, மூன்று முறை தண்ணீர் விட்டார். அவர்களுடைய கடவுளுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு குடிகாரரும் ஒரு பொய்க்காரியும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷ வேலையில் வார்டுக்குள் நான் அழுததில்லை.

அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். சிநேகாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

ஆயர் மத்தியானம் வந்தார். சிநேகாவின் கட்டிலருகே நின்று ஜெபம் செய்தார். பிறகு ஜோஷ்வாவைக் கூப்பிட்டு, தண்ணீர் ஊற்றும்போது உயிர் இருந்ததா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோஷ்வா சொல்லிவிட்டார்.

"அழுதுச்சு ஐயா. தண்ணி பட்டதும் அழுதுச்சு."

தொண்டையில் குழாய் இருக்கிற குழந்தைக்குச் சத்தம் வராது. பிறந்த இரண்டு நாளில் எப்சிபா ஒரு முறைகூட அழவில்லை. வார்டில் எல்லோருக்கும் அது தெரியும், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவருக்கும் தெரியும்.

ஆயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாக்கெட் நோட்டை எடுத்துக் குழந்தையின் பெயரை எழுதிக்கொண்டார். தோட்டத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணிவிடலாம் என்றார்.

சிநேகா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஆயரைப் பார்க்கவில்லை, ஜோஷ்வாவைப் பார்க்கவில்லை.

"எப்டி அழுதுச்சு, சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டாள்.