மாமனார் முகத்துக் கரி

"கிழவன் எங்கடா? விட்டுடாதீங்க, பின்பக்கம் போய்ப் பாருங்க!"

கீழே தடதடவென்று ஆட்கள் ஓடினார்கள். தம் வீட்டு மாட்டுத் தொழுவத்துப் பரணில், வைக்கோலுக்குள் மூக்குவரை புதைந்து கிடந்த பெங் ஷூவென் மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஓடியவர்கள் கொலைகாரர்கள் அல்ல. அவருடைய மகன் கல்யாணத்துக்கு முதல்முறையாக இந்த ஊருக்கு வந்திருந்த விருந்தாளிகள். மகனோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன்கள். ஆளுக்கொரு கையில் சட்டியடிக் கரி.

சீனாவின் ஹூபே மாகாணத்தில் அந்தப் பக்கமெல்லாம் மகனுக்குக் கல்யாணம் என்றால் அப்பன் முகம் தப்பாது. கரி பூசி, காகிதக் குல்லாய் கவிழ்த்து, தோளில் சாம்பல் வாரும் கோலைச் சாத்தி, தள்ளுவண்டியில் ஏற்றிச் சுற்றுவார்கள். மருமகள் வந்து ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்து, முதல்தடவையாக 'அப்பா' என்று கூப்பிட்ட பிறகுதான் இறங்கவிடுவார்கள்.

ஷூவென் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் செருமினால் குளத்தின் அக்கரையோரம் நீந்தும் வாத்துகூட நேராக நீந்த ஆரம்பிக்கும். அந்த முகத்தில் கரியா? இருந்தாலும், பெற்ற மகனின் கல்யாணத்தன்று மாட்டுத் தீவனத்துக்குள் கிடப்பது அவருக்கே கூசியது.

'பெண்ணைப் பெற்றவன் கொடுத்துவைத்தவன்' என்று சம்பந்தியை நினைத்துப் பொருமினார். 'தன் வீட்டு வாசலில் நின்று பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. இந்தப் பக்கம் தலைகாட்டும் வழக்கமே இல்லை.'

திடீரென்று சேகண்டி முழங்கியது.

"ஆப்புட்டாருடா! பின்சுவத்து ஓரமா ஒளிஞ்சு நின்னு எட்டிப் பாத்துட்டிருந்தாரு!"

"மாப்பிள்ளையோட அப்பா நான் இல்லைங்கிறாரே!"

"எல்லா மாமனாரும் இதத்தாண்டா சொல்லுவாங்க. பூசு!"

ஷூவென் பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். தள்ளுவண்டியில் கரிப்பூதமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஷூவெனின் உயரம், ஏறக்குறைய ஷூவெனின் வயது. வேறு யார், தம்பி குவாங்தான்! அண்ணன் மானத்தைக் காப்பாற்றத் தானே போய் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

ஷூவெனுக்கு வெட்கமாகப் போயிற்று. தம் பங்கு அவமானத்தைத் தம்பி சுமப்பதா? இறங்கிப் போய்விடலாம் என்று ஏணிப் பக்கம் ஒரு காலை நீட்டினார். வைக்கோல் கதகதப்பாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டார்.

பட்டாசு வெடித்தது. வழியெல்லாம் நின்று நின்று ஊர்வலமாக வந்த காரிலிருந்து மணப்பெண் யூன் சிவப்புப் பட்டில் இறங்கினாள். அதுவரை வண்டியில் திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கி, குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னைக்குத்தான் இந்த மனுசன் வாய மூடியிருக்காரு!" என்று வாசலிலிருந்து கத்தினாள் ஷூவெனின் மனைவி. "இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்கப்பா, காதாவது குளிரட்டும்!"

கூட்டம் குலுங்கியது. பரணில் ஷூவெனும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தம்பி வாயே திறக்கவில்லை பாருங்கள், என்ன சாமர்த்தியம்! உற்சாகம் தலைக்கேற, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றிக்கொண்டு இடுக்கு வழியாகக் கூவினார்:

"காது பாக்கி இருக்குடா! கழுத்தையும் விடாதீங்க!"

பையன்கள் விடவில்லை. கரியில் கொஞ்சம் எண்ணெயும் குழைத்துக்கொண்டார்கள்.

அப்போது ஏணி கிறீச்சிட்டது. "அண்ணே, நீங்க இங்கதான் கிடப்பீங்கன்னு தெரியும். சூடா குடிங்க." கையில் தாமரைக்கிழங்கு சூப்போடு தம்பி குவாங் தலையை நீட்டினான். முகத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

ஷூவென் கிண்ணத்தை வாங்கியபடியே கேட்டார்: "நீ இங்கயா? அப்ப வண்டியில யாருடா?"

"நீங்க ஏற்பாடு பண்ணின ஆளுன்னுல்ல நான் நெனச்சேன்!"

இருவரும் இடுக்கில் கண்ணை வைத்தார்கள். கீழே யூன் ஈரத்துண்டோடு வண்டியருகே வந்திருந்தாள். "கூப்பிடு, கூப்பிடு! அப்பான்னு கூப்பிடு!" என்று கூட்டம் கத்தியது. அவர் முகத்தைத் திருப்பத் திருப்ப, பையன்கள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

யூன் சிரித்துக்கொண்டே நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். அவள் கை அப்படியே நின்றது. சேகண்டியும் நின்றது.

பரணில் ஷூவெனின் கையிலிருந்த சூப் அவர் மடியில் கொட்டியது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

துண்டைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கரிமுகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யூன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இவரு என்னைப் பெத்தவரு."