கைக்குட்டையில் அப்பம்

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை. குருவானவர் உள்ளங்கையில் வைத்த நற்கருணை அப்பத்தை ஜெசிந்தா வாயில் போடுவதுபோலப் பாவனை செய்து கைக்குட்டைக்குள் ஒளித்தாள். அது கோதுமை மாவில் சுட்டது; கோதுமை துளி சேர்ந்தாலும் அவள் குடல் புண்ணாகிவிடும். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்ல வேண்டாமென்று அம்மா தடுத்திருந்தாள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மாமியார் பார்த்துவிட்டாள்.

"ஆண்டவரையாடி கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருக்க?"

"கோதுமை எனக்கு ஒத்துக்காது அத்தை. வயித்தால போகும். டாக்டரே..."

"ஆண்டவர் உடம்பு எப்படிடி ஒத்துக்காமப் போகும்? போடு வாயில."

முன்வரிசையில் தலைகள் திரும்பின. ஜெசிந்தா போட்டுக்கொண்டாள். அது நாக்கில் ஒட்டிக் கரைந்தது.

மதியம் வீட்டில் சொந்தக்காரர்களுக்கு விருந்து. அங்கிருந்த ஒரே கழிப்பறை, அவர்கள் உட்கார்ந்து சாப்பிடப்போகும் கூடத்தை ஒட்டியிருந்தது. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.